கண் என்பது இடம்

உடலின் உறுப்புகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் சின்னஞ்சிறு சொற்களே. கண், கை, கால், வாய், தலை, அடி, தோள் என்று ஓரெழுத்திலும் ஈரெழுத்திலும் அவை நின்றுவிடுகின்றன. நீண்ட காலமாக எல்லோர் நாவிலும் புழங்கிய சொற்கள் தேய்ந்து வழவழப்பாகிவிடும் என்பர். ஆனால் பொருளில் இவை தேயவில்லை, வளர்ந்துகொண்டே வந்திருக்கின்றன. அவற்றுள்ளும் ‘கண்’ என்னும் சொல் பக்தி உலகில் அடைந்த விரிவு வியப்புக்குரியது.

இன்று பல இல்லங்களில், கண்புரையாலோ நீரிழிவாலோ முதுமையாலோ பார்வை மங்கிய பெரியோர் இருக்கின்றனர். கருவறையின் முன் நின்றும் மூர்த்தி துலங்கவில்லையே என்பது அவர்கள் வெளியே சொல்லாத ஏக்கம். “பார்க்க முடியாத எனக்குக் கோயில் எதற்கு? நீங்கள் போய் வாருங்கள்” என்று கூறி, வாசல் திண்ணையோடு தங்களை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது சரிதானா? கண் என்பதன் பொருள் பார்வை மட்டும்தானா? இந்த வினாவுக்கு விடையை அந்தச் சொல்லிடமே கேட்கலாம்.

வேரும் உறவும்

கண் என்பது தமிழுக்கு மட்டும் உரிய சொல் அன்று. மலையாளத்திலும் கன்னடத்திலும் துளுவிலும் கண்ணு, தெலுங்கில் கன்னு என அது வழங்குகிறது. சோட்டா நாகபுரிப் பகுதியில் பேசப்படும் குருக்கு மொழியிலும், வெகு தொலைவில் பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழியிலும் முதல் எழுத்து மட்டும் தொண்டையில் உரசி ஒலிக்க, ஏறத்தாழ இதே சொல்தான் கண்ணைக் குறிக்கிறது. பர்ரோ, எமனோ என்னும் இரு அறிஞர்கள் தொகுத்து 1961ஆம் ஆண்டு வெளிவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இந்த உறவுச் சொற்கள் அனைத்தும் ஒரே வரிசையில் நிற்பதைக் காணலாம். மலைகளும் பாலையும் ஊர்களும் மாறியும், தாய் குழந்தையின் கண்ணைத் தொட்டுச் சொன்ன சொல் மாறவில்லை.

கண்ணுக்கு நெருங்கிய வினை காண். காண் என்பதிலிருந்து காட்டு. காட்டியதும் கண்டதும் காட்சி. ஒருவர் காண, மற்றொருவர் காட்ட, இடையே நிகழ்வது காட்சி என்று இம்மூன்று சொற்களும் ஒரு குடும்பமாக இயங்குகின்றன. இந்த உறவின் ஆழத்தைச் சைவ சித்தாந்தம் எடுத்துக்கொண்ட விதம் பின்னர் வரும்.

ஊற்றுக்கண்ணும் கரும்பின் கணுவும்

முகத்திலுள்ள கண்ணை விட்டு வெளியே வந்தால், தமிழர் எங்கெங்கெல்லாம் கண்ணைக் கண்டிருக்கின்றனர் என்பது தெரியும். கிணற்றின் அடியில் நீர் சுரக்கும் துளை ஊற்றுக்கண். ஏரியின் நீர் வயலுக்குப் பாயும் வழி மதகின் கண். வலையின் இடைவெளி வலைக்கண். விரல்நுனியில் நகமும் சதையும் சேருமிடம் நகக்கண். புண்ணில் சீழ் வெளிப்படும் வாய் புண்ணின் கண். முரசில் அடி விழும் தோற்பரப்பைப் பழந்தமிழ் கண் என்றே வழங்கியது. பாண்டி நாட்டார் ஏரியைக் கண்மாய் என்பர். கண்வாய் என்பதே அவ்வாறு திரிந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர்.

கோயிலுக்கு எடுத்துச் செல்லும் தேங்காய்க்கு மூன்று கண்கள். அதனாலேயே அது முக்கண்ணனுக்கு உவமை ஆயிற்று. அந்த மூன்றில் இரண்டு கெட்டியாக இருக்க, ஒன்று மட்டும் மெல்லியதாக இருக்கும். முளை வெளிவருவது அந்த மெல்லிய கண் வழியாகத்தான். கரும்பிலும் மூங்கிலிலும் புதுத் தளிர் கிளைப்பது கணுவில். கண், கணு இரண்டும் ஒலியில் மட்டுமன்றிப் பொருளிலும் நெருங்கி நிற்கின்றன.

இவற்றுள் எதுவும் பார்ப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊற்றுக்கண் பார்க்காது, சுரக்கும். தேங்காயின் கண் பார்க்காது, முளைக்கும். மதகின் கண் பார்க்காது, பாயவிடும். ஆகவே உள்ளே இருப்பது வெளியே பெருகுவதற்கு அமைந்த வாயிலைத் தமிழ் கண் என்றது. முகத்துக் கண்ணிலிருந்து பெருகுவது இரண்டு: ஒன்று கண்ணீர், மற்றொன்று கண்ணோட்டம். கண்ணோட்டம் என்றால் பிறர்பால் கண் ஓடிச் சென்று இரங்குதல். திருக்குறளில் 58ஆம் அதிகாரம் முழுவதும் இதற்கே உரியது. இரக்கம் இல்லாத கண்ணை வள்ளுவர் கண் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. பார்வை எவ்வளவு கூர்மையாயினும் இரக்கம் சுரக்காவிடில் அது கண் அன்று. பார்வை மங்கினாலும் இரக்கம் சுரந்தால் அது கண்ணே.

இலக்கணத்தில் புகுந்த உறுப்பு

இதைவிட வியப்பானது, கண் என்னும் உறுப்புப் பெயர் இலக்கணத்தில் புகுந்து அமர்ந்த செய்தி. தமிழில் ஏழாம் வேற்றுமைக்கு உருபு ‘கண்’. தொல்காப்பியமும் நன்னூலும் இதனைக் கூறுகின்றன. ஏழாம் வேற்றுமை இடப்பொருளில் வருவது. ‘ஊரின்கண்’ என்றால் ஊரில்; ‘அவன்கண்’ என்றால் அவனிடத்தில். இன்று பேச்சில் ‘இல்’ நிற்குமிடத்தில் பழைய செய்யுளில் ‘கண்’ நின்றது. கால், தலை, வாய் முதலிய உறுப்புப் பெயர்களும் இடப்பொருள் தரும் வரிசையில் உடன் இருப்பினும், முதலிடம் கண்ணுக்கே.

ஆக, தமிழில் கண் என்றால் விழி. கண் என்றால் இடம். ‘இறைவன்கண் அன்பு’ என்னும்போது, இறைவனிடத்தில் வைத்த அன்பு என்பது பொருள். அங்கே விழிக்கு வேலையில்லை. நிற்கும் இடம் எது, சார்ந்திருக்கும் இடம் எது என்பதே வினா. விழி மூடினாலும் இடம் மாறுவதில்லை.

நயனமும் கடாட்சமும்

வடமொழியில் கண்ணுக்கு வழங்கும் பெயர்களும் சிந்திக்கத் தக்கவை. நயனம், நேத்திரம் இரண்டும் ‘நீ’ என்னும் வினையடியிலிருந்து பிறந்தவை. அதன் பொருள் அழைத்துச் செல்லுதல், நடத்துதல். உடலை வழிநடத்துவதால் கண் நயனம் எனப்பட்டது. உலகை வழிநடத்தும் தலைவன் நாயகன் என்பதும் அதே அடியில் பிறந்த சொல்தான். நாயகன் என்பது தமிழில் நாயன் ஆகி, நாயனார் ஆயிற்று. அறுபத்துமூவர் நாயன்மார் எனப்படும்போது, அடியார் கூட்டத்திற்குக் கண்ணாக நின்று வழிநடத்துவோர் என்றும் அதனைக் கொள்ளலாம் அன்றோ?

அட்சி, அட்சம் என்பவையும் கண்ணைக் குறிப்பனவே. ருத்திரனின் கண் ருத்திராட்சம். மதுரையில் மீனாட்சி, காஞ்சியில் காமாட்சி, காசியில் விசாலாட்சி, நாகையில் நீலாயதாட்சி என்று அம்பிகைக்கு அமைந்த பெயர்கள் பலவும் கண்ணாலேயே முடிகின்றன. தமிழ் அவற்றைத் தன் வழியில் சொல்லும்: மதுரையில் அங்கயற்கண்ணி, நாகையில் கருந்தடங்கண்ணி, அதன் அருகே சிக்கலில் வேல்நெடுங்கண்ணி. மீன் தன் பார்வையாலேயே முட்டைகளைப் பொரிக்கச் செய்யும் என்பது நூல் மரபு. அங்கயற்கண்ணி என்னும் பெயரில், இமையாத பார்வையால் உயிர்களை வளர்க்கும் தாய்மை அமைந்திருக்கிறது என்று பெரியோர் விளக்குவர்.

இப்பெயர்கள் யாவும் அம்பிகை எப்படிப் பார்க்கிறாள் என்பதைச் சொல்கின்றன. அவளைப் பார்க்க வருபவரின் பார்வையைப் பற்றி ஒரு பெயரும் பேசவில்லை. அருள் என்பதற்கு வழங்கும் கடாட்சம் என்னும் சொல்லும் அத்தகையதே. கடைக்கண் நோக்கு என்பது அதன் பொருள். கோயிலுக்குச் செல்வது கடாட்சம் பெறுவதற்கு, அதாவது, பார்க்கப்படுவதற்கு. பார்க்கப்படுவதற்குத் தேவையானது கண்ணாடியன்று. எதிரே நிற்றல் ஒன்றே.

கண்ணன் என்னும் பெயரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கிருஷ்ண என்னும் வடசொல் பிராகிருதத்தில் கண்ஹ ஆகி, தமிழில் கண்ணன் ஆயிற்று என்பது மொழிநூலார் முடிபு. கருநிறத்தான் என்பது அதன் மூலப்பொருள். ஆனால் தமிழ் அடியார் காதில் அந்தப் பெயர் விழுந்தபோது, அதனுள் கண்ணே ஒலித்தது. கண்போன்றவன், கண்ணழகன், கண்ணுக்கு இனியவன் என்றெல்லாம் உருகினர். குழந்தையைக் கண்ணே என்று கொஞ்சும் நாவு, யசோதையின் குழந்தையையும் அப்படியே கொஞ்சியது. பிறப்பு வேறாயினும் வளர்ப்பால் அச்சொல் தமிழாயிற்று. தேவகியிடம் பிறந்து யசோதையிடம் வளர்ந்தவனுக்கு இது பொருத்தமே.

பலகணி

சாளரத்திற்குத் தமிழில் பலகணி என்று ஒரு பெயர். பல கண்களை உடையது என்பது பொருள். வடமொழியில் அதனைக் கவாட்சம் என்பர்; பசுவின் கண் என்பது பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் ‘விண்டோ’ என்னும் சொல்லும் பழைய வடஐரோப்பிய மொழியில் காற்றின் கண் என்னும் பொருளுடைய தொடரிலிருந்து வந்தது. ஒன்றோடொன்று பேசிவைத்துக்கொள்ளாத மொழிகள் வீட்டின் திறப்பைக் கண் என்றே கண்டிருக்கின்றன.

உடுப்பி கிருஷ்ணன் கோயிலில் இன்றும் தரிசனம் பலகணி வழியாகத்தான். ஒன்பது துளைகள் கொண்ட நவக்கிரகக் கிண்டியின் வழியே அடியார்கள் அவனைச் சேவிக்கின்றனர். மேற்குச் சுவரில் உள்ள மற்றொரு சாளரத்திற்குக் கனகன கிண்டி என்று பெயர். உள்ளே அனுமதி கிடைக்காமல் பின்புறம் நின்று பாடிய கனகதாசருக்காகச் சுவர் பிளந்தது என்றும், கண்ணன் மேற்கே திரும்பி நின்றான் என்றும் அத்தலத்து வரலாறு கூறும். கனகதாசர் கண்ணைத் தேடிச் செல்லவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். கண் அவரைத் தேடித் திறந்தது.

கல்லில் கண் திறத்தல்

சிற்பி ஒரு திருமேனியை முழுதும் செதுக்கிய பின்னரும் கண்ணை மட்டும் நிறைவு செய்யாமல் விட்டுவைப்பார். பிரதிஷ்டைக்கு முன், நயனோன்மீலனம் என்னும் சடங்கில் பொன் ஊசி கொண்டு கண் திறக்கப்படும். திறந்த கண்ணில் முதலில் படுவதற்கென்று கன்றுடன் பசு, நெற்குவியல், கன்னியர் முதலிய மங்கலங்களை எதிரே நிறுத்துவர். அதுவரை அது கல். அதன் பின்னர் அது மூர்த்தி. அதுவரை அந்த மண்டபம் கட்டடம். அதன் பின்னர் அது தலம். கண் என்றால் இடம் என்னும் இலக்கணம் இங்கே கண்கூடாகிறது. இறைவனின் கண் திறந்த பின்னரே அந்த இடம் இடமாகிறது.

கண் இல்லாதபோது கண்டவர்கள்

காளத்தியில் ஈசனின் கண்ணில் குருதி வழியக் கண்ட திண்ணனார், ஊனுக்கு ஊனே மருந்து என்று தம் கண்ணைத் தோண்டி அப்பினார். குருதி நின்றது. மறு கண்ணிலும் குருதி பெருகியபோது அவர் அஞ்சவில்லை. மருந்து கைவசம் இருக்கிறதே என்று மகிழ்ந்தார். ஆனால் ஒரு சிக்கல். எஞ்சிய கண்ணையும் தோண்டிவிட்டால் அப்ப வேண்டிய இடம் தெரியாது. அதற்காகத் தம் பாதத்தை இறைவனின் கண்மேல் ஊன்றிக்கொண்டார். விழி போகப்போகிறது என்று தெரிந்தபோது அவர் முன்கூட்டிப் பற்றிக்கொண்டது இடத்தை. அந்தக் கணத்தில்தான் இறைவனின் கை நீண்டு அவரைத் தடுத்தது. கண்ணப்பன் என்னும் பெயரும் கிடைத்தது. அப்பெயரில் விழியும் இருக்கிறது, இடமும் இருக்கிறது.

திருவாரூரில் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். கோயிலின் மேற்கே இருந்த குளம் மண் மேடிட்டுச் சுருங்குவதை அறிந்து, அதனை அகழ முற்பட்டார். குளத்தின் நடுவே ஒரு கோல் நாட்டினார். கரையில் ஒரு கோல் நாட்டினார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அதனைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பி, மீண்டும் அதனைத் தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார். ஏளனம் செய்தோர் உண்டு; மண்வெட்டியையும் கூடையையும் பறித்தோரும் உண்டு. அவர் பணி நிற்கவில்லை. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இவரைப் போற்றும்போது நாட்டம் என்னும் சொல்லை ஆளுகிறார். நாட்டம் என்றால் கண். நாட்டம் என்றால் ஒன்றில் ஊன்றிய கருத்து. நாட்டுதல் என்றால் ஊன்றி நிறுத்துதல். கோலை நாட்டியவருக்கு அதுவே நாட்டம் ஆயிற்று. ஒருநாள் அக்குளத்தில் மூழ்கி எழுந்தபோது அவர் பார்வை பெற்றார் என்று பெரியபுராணம் கூறுகிறது. பார்வை பெற்ற பின்னர் அவர் தொண்டு தொடங்கவில்லை; தொண்டின் முடிவில் பார்வை வந்தது.

அந்தச் சுந்தரரே பார்வை இழந்தவர். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று செய்த சூளுறவை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளி இழந்தன. அவர் வீடு திரும்பி முடங்கவில்லை. தலம் தலமாக நடந்தார். திருவெண்பாக்கத்தில் இறைவன் பார்வையைத் தராமல் ஊன்றுகோலை மட்டும் தந்தான். அதனால் அங்குள்ள பெருமானுக்கு ஊன்றீசுவரர் என்று பெயர். பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய கோயில் இருந்த இடம் நீர்ப்பரப்பாகிவிட, இன்று அக்கோயில் வேறிடத்தில் விளங்குகிறது. பின்னர்க் காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் ஒளி பெற்றன. கோல் ஊன்றிக் கோயிலுக்கு வரும் முதியவர் எவரும் நாண வேண்டியதில்லை. அந்தக் கோலை முதலில் ஊன்றியவர் தம்பிரான் தோழர், தந்தவன் தம்பிரானே.

வைணவ மரபில் இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான், தம் ஆசாரியனைக் காக்கும் பொருட்டு அவருக்குப் பதிலாகச் சோழனின் அவைக்குச் சென்று கண்களை இழந்தவர். அதன் பின்னர் அவர் திருமாலிருஞ்சோலையில் தங்கி அழகர் மீது இயற்றிய துதி, சுந்தரபாஹு ஸ்தவம். திருமுடி தொடங்கித் திருவடி வரை அழகரின் வடிவழகை உறுப்புறுப்பாக வருணிக்கும் அந்நூலைப் பாடியவருக்குப் பார்வை இல்லை. சந்நிதியில் கண் நிறைந்த பார்வையோடு நின்று, வெளியே வந்ததும் மாலை எந்தப் பூவினால் ஆனது என்றுகூடச் சொல்லத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர்!

காட்டுவோன் காண்கிறான்

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், பன்னிரண்டு சூத்திரங்களால் ஆன சிவஞானபோதத்தில் கண்ணை வைத்து ஓர் அரிய கருத்தை விளக்குகிறார். கண் தானாகக் காண்பதில்லை. உயிர் உடன் நின்று காட்டினால்தான் கண் காணும். கண்ணுக்குக் காட்டும் உயிர், கண் காணும் பொருளைத் தானும் காண்கிறது. அதுபோலவே உயிரும் தானாக எதையும் அறிவதில்லை. இறைவன் உடன் நின்று காட்டினால்தான் அறியும். காட்டும் இறைவன், உயிரோடு கூடித் தானும் காண்கிறான். பதினொன்றாம் சூத்திரத்தின் கருத்து இது. கண்ணுக்கு உயிர் செய்யும் உதவியை உயிருக்கு இறைவன் செய்கிறான் என்பதை உணர்ந்தால், அவன்பால் நன்றியும் அன்பும் தாமே பெருகும்.

இக்கருத்தைப் பற்றிக்கொண்டு நோக்கினால், மங்கிய பார்வை பெரிய குறையாகத் தோன்றாது. விழி என்பது கடைசிக் கருவி. அதற்குப் பின்னால் உயிர். உயிருக்குப் பின்னால் இறைவன். கருவி பழுதாகலாம், காட்டுவோன் பழுதாவதில்லை.

தீபாராதனையின்போது பேரக்குழந்தை, “பாட்டி, சாமி தெரிகிறாரா?” என்று கேட்பதைப் பல சந்நிதிகளில் கேட்கலாம். “வெளிச்சம் தெரிகிறதடா கண்ணே” என்று சில பாட்டிமார் விடை சொல்வர். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிகிறது. ஆனால் மணியோசை கேட்கிறது, கற்பூரம் மணக்கிறது, துளசியும் திருநீறும் கையில் விழுகின்றன, கற்படிகளின் குளிர்ச்சி பாதத்தில் ஏறுகிறது, பக்கத்தில் பேரனின் கை இருக்கிறது. இவை அனைத்தும் கண்களே. உள்ளே ஒன்று சுரப்பதற்கு அமைந்த ஊற்றுக்கண்கள்.

இல்லத்தில் பார்வை குன்றிய பெரியோர் இருப்பின், மருத்துவம் செய்வதோடு நின்றுவிடாமல், வாரம் ஒருமுறையேனும் அவர்களைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை. சந்நிதியில் அன்றைய அலங்காரம் என்ன, மாலை என்ன நிறம், பட்டு எந்தக் கரை என்று காதோடு சொன்னால், சொல்பவரும் அன்று சற்றுக் கூர்ந்து பார்ப்பார், கேட்பவரும் காண்பார். அவ்வாறு சொல்லும் வாய்க்கு நயனம் என்னும் பெயர் தகும். அது வழிநடத்துகிறது அன்றோ?

பார்வை மங்கியோர் தம் பங்குக்குத் திண்ணையை விட்டு எழுந்து வரலாம். இறைவனின் எதிரே ஓர் இடம் அவர்களுக்காக இருக்கிறது. தமிழ் அந்த இடத்திற்கு இட்ட பெயர் கண்.